கடற்காற்றுப் படாமல்

திருக்கடலூர்,
திருகோணமலை.
10.01.1999

அன்புள்ள தங்கச்சி தங்கேஸ்வரிக்கு,

முதலில் இந்த எழுத்தைப் பார்த்துப் பயந்துவிடாதே. சில எழுத்துகள் கோட்டுக்கு மேலே நிற்கும், சில கீழே தொங்கும். ‘ழ’ எங்கே சுழிக்கிறது என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. மன்னித்துக்கொள். இத்தனை காலமும் எனக்கு எழுதித்தந்த லோஞ்சுக்கார றஊப் இதை எழுதவில்லை. உன் அண்ணன் கதிரவேல் தன் கையால் எழுதுகிறான். அறுபத்தாறு வயதில் முதல் கடிதம். இவ்வளவு எழுத ஒரு காலைப்பொழுது முழுதும் போயிற்று.

நான் சுகம். நீயும் மகள் புஸ்பராணியும் பேத்தி பூரணியும் சுகமாயிருக்கக் கோணேசர் துணை. மச்சான் கண்ணை மூடிய பிறகு இந்த நெற்போகத்தை எப்படித் தனியே சமாளிக்கிறாய்?

கோயில் மடத்தில் பாக்கியரத்தினம் ரீச்சர் பெரியவர்களுக்கு வகுப்பு வைக்கிறா. ஆவணியில் இருந்து போகிறேன். பதினொரு பேர். நான்தான் மூப்பு. சின்ன வயதில் இழுப்பைப் பார்த்துக் காசநோய் என்று பயந்து என்னைப் பள்ளிக்கூடத்தால் அனுப்பிவிட்டார்களே, அந்த முதலாம் வகுப்பை இப்போது படிக்கிறேன்.

போன மாதம் கரும்பலகையைத் துடைத்தேன். அந்தத் தூளோடு மூச்சு முட்டு வந்துவிட்டது. கண் இருண்டு சுவரோடு சாய்ந்தேன். ரீச்சர் ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா. அங்கே ஒரு டொக்டர் அம்மா நெஞ்சிலும் முதுகிலும் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டா.

“எத்தினை வருசமா இப்பிடி இழுக்குது ஐயா?”

“அறிவு தெரிஞ்ச நாளில இருந்து.”

“இது ஆஸ்துமா. இவ்வளவு காலமும் ஒருத்தரும் உங்களுக்குச் சொல்லேல்லையா?”

“துருத்தி எண்டு சொன்னவை.”

அவ சிரித்தா. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தா. கரைவலை இழுக்கும்போது என் நெஞ்சு கத்துவதைக் கேட்டு ஊர் வைத்த பேர் அது என்று அவவுக்குத் தெரியாதுதானே.

தங்கச்சி, இதற்கு ஒரு பேர் இருக்கிறது. நான் சோம்பேறி இல்லை. மருந்தும் இருக்கிறது. பூரணிக்குப் பனிக்காலத்தில் இழுக்கிறது என்று போன வருடம் நீ எழுதியதை றஊப் வாசித்துச் சொன்னவன். அதற்கும் இதே மருந்துதான் போலும்.

றஊப்பிடம் கொடுத்து அனுப்புகிறேன். அக்கரைக்கு லோஞ்சுப் படகு ஓடினால் கிடைக்கும்.

இப்படிக்கு,
தானே கையெழுத்து வைக்கும் அண்ணன்,
கதிரவேல்


கட்டைபறிச்சான்,
மூதூர்.
02.02.1999

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தையும் வேண்டுகிறேன். கடிதம் எழுதிப் பதினெட்டாம் நாள்தான் கைக்கு வந்தது. கடற்படை ஒரு கிழமை, ஏழு நாளும், லோஞ்சை மறித்து வைத்திருந்தார்களாம்.

உங்கள் எழுத்தைப் புஸ்பராணியிடம் காட்டினேன். “மாமாவே எழுதினவர்?” என்று மூன்று தரம் கேட்டாள். பூரணியின் எழுத்தைவிட வடிவு என்றும் சொன்னாள். பூரணிக்கு அதில் கோபம்.

நெல் வெட்டு முடிந்தது. போன தரத்தைவிடக் குறைவு. இந்தப் பக்கம் ஆமிக் காவலரண் இரண்டு கூடிவிட்டது. வயலுக்குப் போய்வர அடையாள அட்டை காட்ட வேண்டும். மற்றப்படி குறையில்லை.

மருந்தைத் தவறாமல் எடுங்கள். தலையில் பனி படவிடாதீர்கள்.

தங்கை,
தங்கேஸ்வரி


திருக்கடலூர்,
திருகோணமலை.
11.02.1999

அன்புள்ள தங்கச்சிக்கு,

எழுத்து இந்த முறையும் நொண்டுகிறது, பொறுத்துக்கொள். ஆனால் ‘ழ’ பிடிபட்டுவிட்டது, பார்த்தாயா?

நான் நல்ல சுகம். சுகம் என்று வாயால் சொல்வது வேறு, இது வேறு. நடந்ததைக் கேள். டொக்டர் அம்மா குளிசையும் ஒரு பிளாஸ்ரிக் குழலும் தந்தவ. குளிசை என்றால் விழுங்குவதுதானே. இரண்டு கிழமையாகப் பிளேன்ரீயோடு விழுங்கினேன். குழல் எதற்கென்று விளங்கவில்லை. மருந்து அளக்க என்று நினைத்து அதில் தேனை அளந்து குடித்தேன். முட்டு அப்படியே இருந்தது.

கிளினிக்கில் இதைச் சொன்னதும் டொக்டர் அம்மா கதிரையில் சாய்ந்துவிட்டா. அங்கே இருந்த தாதிமார் எல்லாரையும் கூப்பிட்டு இன்னொரு தரம் சொல்லச் சொன்னா. நானும் சொன்னேன். குளிசையைக் குழலுக்குள் வைத்துத் திருகினால் உடையுமாம். உள்ளே இருக்கும் தூளை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டுமாம். அங்கேயே இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் நெஞ்சுக்குள் யாரோ கதவைத் திறந்துவிட்ட மாதிரி இருந்தது.

வழியில் காவலரணில் என் பையைச் சோதித்த ஆமிப் பெடியன் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். எனக்குச் சிங்களம் போதாது. வாயில் வைத்து இழுத்துக் காட்டினேன். அவன் தன் நெஞ்சைத் தொட்டு “அம்மா” என்றான். அவனுடைய தாய்க்கும் இருக்கிறது போலும். போகவிட்டான்.

நேற்றுக் கோணேசர் மலைக்கு ஏறினேன். நடுவில் குந்தவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும் பேந்தப் பேந்த முழித்தேன். சின்ன வயதில் என்னை இடுப்பில் தூக்கித்தானே மேலே கொண்டு போவார்கள். இவ்வளவு கிட்ட இருந்ததா இந்தக் கோயில்?

ஒன்று மட்டும் எனக்குக் குழப்பம். சுகமாக இருக்கும் நாளிலும் இழுக்க வேண்டும் என்கிறா. நோய் வருத்தம் இல்லாத நாளில் எதற்கு மருந்து? கேட்டால், அது வருவதற்கு முன்னமே தடுக்கிற மருந்தாம். சரி என்று தலையாட்டினேன்.

நான் அவ்வளவு எழுதியும் பூரணியின் இழுப்பைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. புதன்கிழமைகளில் கிளினிக். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. இங்கே தங்க இடம் இருக்கிறது.

அன்புடன்,
கதிரவேல் அண்ணன்


கட்டைபறிச்சான்,
மூதூர்.
16.03.1999

அன்புள்ள அண்ணைக்கு,

சுகம், உங்கள் சுகம் அறிய ஆவல். பதில் தாமதித்ததற்குக் குறை நினைக்கவேண்டாம்.

பூரணிக்கு இருப்பது சளி. ஆடாதோடைக் கசாயம் கொடுக்கிறேன். சல்லி அம்மனுக்கு நேர்ந்து நூலும் கட்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு இடைக்கிடை போகிறாள். இங்கிருந்து வெளிக்கிடுவதென்றால் ஆமியிடம் பாஸ் எடுக்க வேண்டும். லேசில்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் எழுதுகிற கடிதத்தை இப்போதும் றஊப் வாசித்துத்தான் சொல்கிறானா? முழுவதையும் நீங்களே வாசிக்கிறீர்களா?

தங்கை,
தங்கேஸ்வரி


திருக்கடலூர்,
திருகோணமலை.
21.03.1999

அன்புள்ள தங்கச்சிக்கு,

நான் சுகம். நீங்கள் மூவரும் சுகமாயிருக்க வேண்டும்.

நீ கேட்ட கேள்வி எனக்குக் கொஞ்சம் மானக்குறைவுதான். நானேதான் வாசிக்கிறேன். றஊப் கொண்டுவருவான், கொடுப்பான், அவ்வளவுதான். அவனுக்கே மனத்தாங்கல், இருபத்தெட்டு வருடமாக நம் வீட்டுக் கதையெல்லாம் வாசித்தவன்தானே. உன் கடிதத்தை மீன்வாடிக் கொட்டிலுக்குப் பின்னால் தனியே இருந்து ஒரு விரலால் தொட்டுத் தொட்டு வாசிக்கிறேன். பக்கத்தில் ஒரு காகம்கூட இல்லை.

என் மனம் கிடந்து அல்லாடுகிறது. சந்தோசமாக எழும்புகிறேன், முகம் கழுவுவதற்குள் கோபம் வருகிறது. யார்மேல் கோபம் என்று தெரியவில்லை. நம்மைப் பெற்ற அப்பு என்னைத் தோணியில் ஏற்றவில்லை. “மூச்சில்லாதவனுக்கு எதுக்குப் பொம்பிளை” என்று பெண் கேட்ட இடத்தில் சொன்னார்கள். கடைசியில் வாடிக்குக் காவல்காரன் ஆனேன். இவ்வளவும் ஒரு சிட்டிகைத் தூளால் தீர்கிற விசயமா? அல்லது எனக்காகவே இப்போதுதான் அந்த மருந்தைக் கண்டுபிடித்தார்களா? டொக்டரிடம் கேட்டேன். அந்த நாளிலும் வேறு மருந்து இருந்தது, ஊசி இருந்தது என்றா. அதற்குமேல் நான் கேட்கவில்லை.

இப்போது பார்க்கும் இடமெல்லாம் இழுப்புக்காரர்தான் தெரிகிறார்கள். இறக்கக்கண்டியில் தோணிக்காரச் சம்மாட்டியின் பெண்சாதி, ஐஸ் அடிக்கிற இராசதுரை, நம் அம்மாவின் தமையன், வகுப்பில் என்னோடு இருக்கும் ஒரு மனுசி. நினைத்து நினைத்து விரல் மடிக்கிறேன். எல்லாருக்கும் குழலைக் காட்டிச் சொல்கிறேன். பாதிப் பேர் சிரிக்கிறார்கள்.

பூரணிக்கு இருப்பது சளி இல்லை, தங்கச்சி. அந்தச் சத்தத்தோடு நான் அறுபது வருடம் வாழ்ந்தவன். கூட்டிக்கொண்டு வா.

அண்ணன்,
கதிரவேல்


திருக்கடலூர்,
திருகோணமலை.
18.04.1999

தங்கச்சி,

சுகமா? நான் சுகம். சித்திரை வருடப் பிறப்புக்கும் உன் கடிதம் இல்லை.

றஊப்பிடம் விசாரித்தேன். “உங்கட தங்கச்சி கடுதாசியை வாங்கி மடிக்குள்ள வெச்சிட்டு உள்ளுக்குப் போயிட்டா. புள்ளையைக் கண்டனான். வாசல்ல குந்திக்கிட்டு ரெண்டு தோளையும் தூக்கித் தூக்கி மூச்செடுக்குது” என்றான். இரண்டு கிழமையாகப் பள்ளிக்கூடமும் இல்லையாம்.

நான் எழுதியதில் ஏதும் பிழை இருக்கிறதா? எழுத்துப் பிழை என்றால் ரீச்சரிடம் காட்டித் திருத்தலாம். வேறு பிழை என்றால் நீதான் சொல்ல வேண்டும். தோளைத் தூக்கி மூச்செடுத்தால் வைத்திருக்கக் கூடாது என்று டொக்டர் அம்மா சொல்லியிருக்கிறா.

கதிரவேல்


கட்டைபறிச்சான்,
மூதூர்.
03.05.1999

அண்ணைக்கு,

சுகம் கேட்டு எழுதியிருந்தீர்கள். நன்றி.

இதைத் தனியே இருந்து வாசியுங்கள். இருபத்தெட்டு வருடமாக உங்களுக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்தையும் றஊப் வாசிப்பான் என்று நினைத்துத்தான் எழுதினேன். அதனால் நெல்லையும் மழையையும் மட்டும் எழுதினேன். இப்போது நீங்களே வாசிக்கிறீர்கள். அது எனக்குச் சந்தோசமா பயமா என்று தெரியாமல் மூன்று மாதம் இருந்துவிட்டேன்.

இழுப்புக்காரர் எல்லாரையும் நினைத்து விரல் மடித்தேன் என்று எழுதினீர்கள். ஐஸ் அடிக்கிறவன்கூட இருக்கிறான். என் மகன் சோமசேகரம், நம் சேகரன், அந்தக் கணக்கில் இல்லை. உங்கள் கடிதங்களில் ஒன்றிலாவது அவன் பேர் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

எழுபத்தோராம் ஆண்டு, மாசி மாதம். நீங்கள் வெட்டுக்கு உதவியாக எங்கள் வீட்டில் வந்து நின்றனீங்கள். சேகரனுக்கு ஒன்பது வயது. விடிய முட்டு வந்தது. மூதூரில் பார்த்த டொக்டர் துண்டு எழுதித் தந்து, உடனே லோஞ்சில் அக்கரைக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள் என்றார். நாங்கள் இறங்குதுறைக்குப் போனோம். லோஞ்சு நின்றது. அப்போது நீங்கள் சொன்னீர்கள்: “இழுப்புக்காரப் பிள்ளைக்குக் கடற்காத்துப் படக்கூடாது. எனக்கு எத்தினை தரம் வந்து போனது. வீட்டை கொண்டு போய் ஆவி பிடிச்சா நிக்கும்.” உங்கள் மச்சான் போவோம் என்றார். நான்தான் மறித்தேன். வேறு யார் சொல்லியிருந்தாலும் ஏறியிருப்பேன். நீங்கள் அந்த வருத்தத்தோடு வளர்ந்தவர். உங்களுக்குத் தெரியாததா என்று நினைத்தேன். மத்தியானத்துக்கு முன் அவன் போய்விட்டான்.

அம்மன் எடுத்துக்கொண்டா என்று சொல்லிச் சொல்லி வாழ்ந்துவிட்டேன். அதற்குப் பேர் இருக்கிறது, மருந்து இருக்கிறது, அந்த நாளிலும் ஊசி இருந்தது என்று நீங்கள் சந்தோசமாக எழுதுகிறீர்கள். பூரணி அந்த மருந்தில் சுகமானால் நான் என்ன செய்வது? என் மகனும் சுகமாகியிருப்பான் என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்துவிடும். அதற்குப் பயந்து பேத்தியை வாசலில் இருத்தி வைத்திருக்கிறேன். நான் எப்படிப்பட்ட மனுசி என்று எனக்கே தெரியவில்லை.

வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

தங்கேஸ்வரி


திருக்கடலூர்,
திருகோணமலை.
29.05.1999

தங்கச்சி,

கடிதம் கிடைத்தது. நாலு தரம் வாசித்தேன். முதல் தரம் நான் எழுத்துக்கூட்டியது பிழையோ என்று நினைத்தேன்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இறங்குதுறை நினைவிருக்கிறது. லோஞ்சு நின்றது நினைவிருக்கிறது. ஆனால் வேண்டாம் என்று சொன்னவர் மச்சான் என்றுதான் என் நெஞ்சில் கிடக்கிறது. அவர் கையை நீட்டி மாட்டு வண்டிலைத் திருப்பச் சொன்னது மாதிரி. இவ்வளவு காலமும் அப்படித்தான் வைத்திருந்தேன். அவரிடம் கேட்கவும் இப்போது அவர் இல்லை.

புதன்கிழமை டொக்டர் அம்மாவிடம், இழுப்புக்காரருக்குக் கடற்காற்று ஆகாதுதானே என்று கேட்டேன்.

“அப்ப இந்த ஊரில ஒருத்தரும் இருக்க ஏலாதே ஐயா. ஆர் சொன்னது?” என்றா.

ஊரில் சொல்வார்கள் என்றேன்.

அந்தக் கதையை இதோடு விடு. இதைக் கண்டதும் பூரணியைக் கூட்டிக்கொண்டு வா. என்மேல் உனக்கு என்ன இருந்தாலும் வா. என் முகத்தைப் பார்க்க விருப்பமில்லை என்றால் சொல்லு. பாக்கியரத்தினம் ரீச்சர் துறைமுகத்துக்கு வந்து கூட்டிக்கொண்டு போவா. நான் வாடியிலேயே நிற்பேன்.

கதிரவேல்


கட்டைபறிச்சான்,
மூதூர்.
12.06.1999

அண்ணைக்கு,

நேற்றுப் பூரணியின் உதடு நீலம் பாரித்துப் போனது. புஸ்பராணி என்னைப் பார்த்துக் கத்தினாள். “அம்மா, இன்னொரு பிள்ளையையும் வைச்சுப் பாத்துக்கொண்டிருக்கப் போறியளா?” சேகரன் போகும்போது அவளுக்கு ஆறு வயது. அவளும் மறக்கவில்லை.

மூதூருக்குக் கொண்டு போய் ஊசி போட்டுத் தணிந்திருக்கிறது. பாஸ் எடுத்துவிட்டோம். புதன்கிழமை, பதினாறாம் திகதி, முதல் லோஞ்சில் வருகிறோம்.

ரீச்சர் வேண்டாம். நீங்கள் வந்து நில்லுங்கள்.

தங்கேஸ்வரி


திருக்கடலூர்,
திருகோணமலை.
20.06.1999

அன்புள்ள தங்கச்சிக்கு,

நல்லபடி போய்ச் சேர்ந்தீர்கள் என்று றஊப் சொன்னான். பூரணி லோஞ்சில் நின்று மீன் பார்த்துக்கொண்டு வந்தாளாம். கிளினிக்கில் தந்த அந்தப் பெரிய பிளாஸ்ரிக் கூட்டை வாயில் வைத்துப் பம்மை அழுத்தி, பத்து எண்ணும்வரை இழுக்கிறாளா? சுகமாக இருக்கும் நாளிலும் விடக்கூடாது. எனக்கு விளங்காமலே தலையாட்டின விசயம், அவளுக்கு ஒருதரம் சொன்னதும் விளங்கிவிட்டது.

கிளினிக்கில் நடந்தது உனக்குத் தெரியும். நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். என்றாலும் எழுதுகிறேன். நாம் இருவரும் துறைமுகம்வரை நடந்து வந்தும் அதைப் பற்றி ஒரு சொல் கதைக்கவில்லையே.

“குடும்பத்தில வேற ஆருக்கும் இது இருக்குதா?” என்று டொக்டர் அம்மா கேட்டா. எனக்கு இருக்கிறது என்று நான் சொன்னேன். அவ எழுதிக்கொண்டா. அவ்வளவில் முடிந்தது என்று நினைத்தேன். நீ பூரணியின் தலைமயிரைக் கோதிக்கொண்டே, “என்ர மகனுக்கும்” என்றாய்.

“அவருக்கு இப்ப எத்தினை வயசு?”

நீ என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். ஒரு சாமானைத் தூக்க ஏலாமல் மற்ற முனையைப் பிடி என்று பார்ப்பார்களே, அப்படிப் பார்த்தாய்.

“ஒன்பது” என்றேன்.

அவ எழுதத் தொடங்கி, என்னையும் உன்னையும் பார்த்துவிட்டுப் பேனையை நிறுத்தினா.

தங்கச்சி, நீங்கள் போன பிறகு நாலு நாளாக இதை எழுதுகிறேன். எழுதி எழுதிக் கிழித்தேன். அன்றைக்கு இறங்குதுறையில் என் சால்வையைக் கழற்றிச் சேகரனின் தலையையும் மூக்கையும் சுற்றினேன். அவன் மூச்சுச் சூடு என் விரலில் பட்டது. அது எனக்கு எப்போதும் நினைவிருந்தது. காற்றுப் படக்கூடாது என்று நினைக்காதவன் எதற்குச் சால்வை சுற்ற வேண்டும்? மச்சான் லோஞ்சுப் பக்கம்தான் கையை நீட்டினார். வண்டிலைத் திருப்பியது நான். சேகரனை ஏற்றவேண்டாம் என்று சொன்னது நான். இதை என் கையால் எழுதியிருக்கிறேன். யாரும் எழுதித் தரவில்லை, யாரும் வாசித்துச் சொல்லவும் தேவையில்லை.

அன்றைக்கு எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் தெரியும் என்று நினைத்தேன். இந்த ஒரு வருத்தத்தில்தான் ஊர் என்னைப் பெரியவனாக மதித்துக் கேட்டது.

நீ கிழிக்கச் சொன்ன கடிதத்தைக் கிழிக்கவில்லை. இதையும் நீ கிழிக்க வேண்டாம். மன்னிப்புக் கேட்கிறேனா என்று எனக்குத் தெளிவில்லை. எந்தச் சொல்லால் கேட்பது என்று நான் இன்னும் படிக்கவில்லை.

சேகரன் எப்படி எழுதுவான், என்னென்ன பிடிக்கும், என்னை என்னவென்று கூப்பிடுவான் என்றெல்லாம் நினைவுக்கு வருகிறது. உனக்குத் தாங்குமென்றால் ஒவ்வொன்றாக எழுதலாம். தாங்காதென்றால் பூரணியின் மூச்சைப் பற்றி மட்டும் எழுது. ஒன்றும் எழுதாவிட்டாலும், வருகிற புதன் கிளினிக்கால் வந்ததும் நான் வாடிக்குப் பின்னால் இருந்து உனக்குத்தான் எழுதி முடிப்பேன். என் எழுத்துக்கு மூன்று நாளாவது வேண்டும். இப்போதே தொடங்குகிறேன்.

உன் அண்ணன்,
கதிரவேல்